போவதற்கு வண்டி வந்தது, திரும்பி வருவதற்கு?

1990 என்ற எண் எமது பகுதியின் மூத்தவர்களுக்கு ஓர் ஆண்டு. அந்த ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. தலைமன்னார்ப் புகையிரதம் நின்றுபோனது. ஆயிரக்கணக்கானோர் வள்ளமேறி இராமேஸ்வரம் போனார்கள். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். இளையவர்களுக்கோ 1990 ஒரு தொலைபேசி இலக்கம். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 யூலையில் வட மாகாணத்துக்கும் வந்தது. நள்ளிரவிலும் 1990ஐ அழைத்தால் வண்டி வரும்.

ஓடிப்போன ஆண்டும் ஓடிவரும் வண்டியும் ஒரே எண்ணைத் தாங்கி நிற்பது தற்செயலே. ஆயினும் கொரோனாக் காலத்தில் எமது மக்கள் பட்ட பாட்டை எண்ணும்போது இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. அவசர வேளையில் போவதற்கு இன்று வழி உண்டு. போனவர் திரும்பி வருவதற்கு என்ன வழி? அதிலும், அடையாள அட்டையில் ஓர் ஊரும் வாழும் கொட்டிலில் வேறோர் ஊருமாக இருக்கும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு என்ன வழி? அந்த நாட்கள் கடந்துவிட்டன என்று இந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிடலாகாது.

அடைபட்ட மாவட்டம்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சில நாட்களில் பெரும்பாலான மாவட்டங்களில் அது இடையிடையே தளர்த்தப்பட்டாலும், மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வது தடைசெய்யப்பட்டிருந்தது. எமக்குத் தெற்கே புத்தளமும் வடக்கே யாழ்ப்பாணமும் அபாய வலயங்களாக அறிவிக்கப்பட்டன. புத்தளத்தில் பாதிக் குடும்பமும் முசலியில் பாதிக் குடும்பமுமாக வாழ்பவர்களுக்கு அது எத்தகைய அடைப்பு என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. அந்த ஊரடங்கு யூன் 28இல் முழுமையாக நீங்கியது.

மறு ஆண்டு இன்னும் கடினமாயிற்று. 2021 மே 21 இரவு தொடங்கிய பயணக்கட்டுப்பாடு, மே 25இல் ஒரு நாள் தளர்வு தவிர, யூன் 21 அதிகாலை வரை நீடித்தது. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் தடை ஒக்டோபர் முடியும் வரை இருந்தது.

இக்கட்டுப்பாடுகள் வீண் என்று நாம் சொல்லவில்லை. நாட்டில் 16,000க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். 2021 ஓகஸ்ட் இறுதியில் ஒரே நாளில் 200க்கு மேற்பட்ட மரணங்கள் பதிவாகின. கட்டுப்பாடு தேவைப்பட்டது. ஆனால் கட்டுப்பாடு எல்லோர் மீதும் ஒரே பாரமாக விழுவதில்லை. சொந்த வாகனமும் பெரிய வைத்தியசாலை அருகிலும் உள்ளவருக்கு அது ஓர் அசௌகரியம். எமது மாவட்டத்தின் நிலை வேறு. மாவட்டப் பொது வைத்தியசாலை தீவில் இருக்கிறது. வயல்களோ பெருநிலப்பரப்பில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு தாம்போதி, 2010இல் திறந்த ஒரு பாலம். அதற்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுமானால் வவுனியா, யாழ்ப்பாணம், அநுராதபுரம் என்று போகவேண்டும். அநுராதபுரம் வேறு மாகாணம்.

பாஸ் எமக்குப் புதிதல்ல

தொண்ணூறுகளில் மன்னாரில் வாழ்ந்தவருக்குப் ‘பாஸ்’ என்ற சொல் சோற்றோடு சேர்ந்த சொல். தீவிலிருந்து வெளியே போகப் பாஸ். வவுனியாவில் தங்கப் பாஸ். அதிலும் ஒரு நாளுக்கு ஒன்று, ஒரு மாதத்துக்கு ஒன்று. தள்ளாடியில் இறங்கி நின்றோம். பின்னாளில் உயிலங்குளத்தில் மூட்டை அவிழ்த்துக் காட்டினோம். மடுவிலும் பேசாலையிலும் அகதி நிலையங்களில் இருந்தவர்களுக்கு, நோயாளியை வெளியே கொண்டுபோவது எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பது நினைவிருக்கும்.

அந்தப் பாஸ் மனிதர்மேல் வைத்த சந்தேகத்தால் வந்தது. 2020இல் வந்தது நோய்மேல் வைத்த அச்சத்தால் வந்தது. நோக்கம் வேறு. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் அதே மனிதர்கள். ‘எந்த ஊர்?’, ‘கடிதம் எங்கே?’ என்ற கேள்விகளும் மாறவில்லை. இவற்றைக் கேட்டதும் வயோதிபத் தாய்மாரின் கை தானாகவே மடிப்பையைத் தடவுவதை நாம் கண்டோம்.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 2020 மார்ச் 25இல் இந்தியா முழுவதும் அடைக்கப்பட்டபோது, நகரங்களில் கூலி வேலை செய்தவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்தே ஊர் போனார்கள். மண்டபம் முதலிய முகாம்களில் எமது உறவுகள் வாழும் தமிழ்நாட்டில், மாவட்டம் தாண்ட ‘இ-பாஸ்’ கேட்கப்பட்டது. அதைக் கணினி வழியே பெறவேண்டும். இணைய வசதி இல்லாதவர் யாரையாவது கெஞ்சவேண்டும். எங்கும் ஒரே கதைதான்: கடிதமும் கருவியும் இல்லாதவனே வழியில் நிற்கிறான்.

யூன் மாதத்தில் ஒரு பயணம்

2021 யூன் மாத நடுப்பகுதியில் நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். முசலிப் பிரதேசத்தில் உறவினர் காணியில் கொட்டில் போட்டு வாழும் ஓர் இடம்பெயர்ந்த குடும்பம். கணவர் பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்பவர். மனைவிக்கு இரண்டாவது பிரசவம். இரவு பத்தரை மணிக்கு நோவு தொடங்கியது. குடும்ப நல உத்தியோகத்தரின் இலக்கம் கர்ப்பிணித் தாய்ப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. அவர் 1990ஐ அழைக்கச் சொன்னார். வண்டி வந்தது. மன்னாரில் இரத்த அழுத்தம் மிகக் கூடியிருப்பதைக் கண்டு, விடியுமுன்பே வைத்தியசாலை அம்புலன்சில் மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். மாமியார் துணைக்குப் போனார். சத்திரசிகிச்சை மூலம் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் தப்பினார்கள்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒருவரும் பாஸ் கேட்கவில்லை. ஒரு சதமும் செலவாகவில்லை. சிக்கல் ஐந்தாம் நாள் காலையில் தொடங்கியது.

“துண்டு வெட்டிட்டாங்க மகன். கட்டில விடச் சொல்றாங்க. எப்பிடி வாறது?” என்று மாமியார் தொலைபேசியில் அழுதார்.

பஸ் இல்லை, புகையிரதம் இல்லை. அம்புலன்ஸ் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்கு உள்ளது. சுகமானவரை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு அல்ல. கணவர் எம்மிடம் வந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “போறதுக்கு ஒருத்தரையும் கேக்க வேண்டி வரல்ல பாதர், வண்டி வந்திச்சு. கூட்டிட்டு வாறதுக்கு ஆரக் கேக்கிறது?”

முதலில் வாகனம். தெரிந்த வான்காரர் இருவர் மறுத்தார்கள். வாகனத்தைப் பறித்துவிட்டால் பிழைப்பு என்னாவது, வெளிமாவட்டம் போய்வந்தால் பதினான்கு நாள் தனிமைப்படுத்துவார்களே என்ற பயம். அதில் நியாயமும் இருந்தது. மூன்றாமவர், அனுமதி கையில் வந்தால் ஓடுவேன் என்றார்.

அடுத்தது கிராம அலுவலரின் கடிதம். கணவரின் அடையாள அட்டையில் இருப்பது விட்டு வந்த ஊரின் முகவரி. குடும்பப் பதிவும் அங்கேயே. இப்போது வாழும் பிரிவின் அலுவலர், பதிவில்லாத குடும்பத்துக்கு எப்படிக் கடிதம் தருவது என்று தயங்கினார். பழைய பிரிவின் அலுவலரோ, என் பிரிவில் இப்போது வாழாதவருக்கு எதை உறுதிப்படுத்துவது என்றார். இருவரும் சொன்னது சட்டப்படி சரி. நடுவில் நின்ற குடும்பத்துக்கு மட்டும் ஊரே இல்லை. பின்னேரம் இருவரையும் ஒரே தொலைபேசி அழைப்பில் பேசவைத்த பின்னரே, ‘தற்காலிகமாக இங்கு வசிப்பவர்’ என்று ஒரு கடிதம் கிடைத்தது.

பிறகு, துண்டின் படம். வார்ட்டில் இருந்த ஒரு தாதி, நல்ல மனதோடு அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றிரவு தாயும் சேயும் வார்ட்டிலேயே இருக்க இடம் பெற்றுக் கொடுத்தவரும் அவரே. பணத்துக்குத் தோடுகளை அடகு வைக்கலாம் என்றால், அடகுக் கடையும் பூட்டு. மாதர் சங்கத்துப் பெண்கள் கைமாற்றாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். மறுநாள் நண்பகல் அளவில், வாகன இலக்கம், சாரதி பெயர், செல்லும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் குறித்த பொலிஸ் அனுமதி கைக்கு வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்துவிட்டுப் புறப்பட்டோம்.

தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன் என்று ஒருகாலத்தில் இறங்கி ஏறிய இடங்களை வான் நில்லாமல் கடந்தது. அதன் பிறகு மூன்று இடங்களில் நிறுத்தினார்கள். மூன்று இடங்களிலும் கடிதத்தைப் பார்த்தார்கள், மரியாதையாக விட்டார்கள். திரும்பும்போது முருங்கனில் திரும்பி சிலாவத்துறை வீதியால் வந்து, இருட்டுமுன் குழந்தையை வீட்டில் இறக்கினோம்.

கணக்கைப் பார்ப்போம். போய்வரும் பயணம் அரை நாள். அதற்கான கடிதங்கள் ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் வயிற்றில் தையலோடு ஒரு தாய், பச்சைக் குழந்தையோடு, பகலெல்லாம் வாங்கில் இருந்தாள். தூரம் எமக்குத் தடையாக இருக்கவில்லை; வாகனமும் கடைசியில் தடையாக இருக்கவில்லை. முகவரியே தடையாக இருந்தது.

முகவரியை ஏன் மாற்றவில்லை?

‘இத்தனை ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்களே, பதிவை மாற்றியிருக்கலாமே’ என்று அலுவலகங்களில் கேட்பதுண்டு. இடம்பெயர்ந்தவருக்கு இதன் பதில் தெரியும். முகவரியை மாற்றினால் விட்டு வந்த காணிக்கு உரிமை கேட்க முடியாமல் போய்விடும் என்ற பயம். அது வெறும் பயமல்ல, அனுபவம். முள்ளிக்குளத்து மக்கள் 2007 செப்டெம்பரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படையின் கைக்குப் போயிற்று. போர் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் வாழ்ந்தார்கள். 2017இல் போராடிய பின்னரே ஒரு பகுதி நிலத்தை விடுவிக்கும் முடிவு வந்தது. அத்தகையவர்களின் கையில் எஞ்சியிருந்த சாட்சியங்களுள் ஒன்று அடையாள அட்டையில் இருந்த அந்த ஊர்ப் பெயர். அதை விட்டுக்கொடு என்று அவர்களிடம் யார் சொல்வது?

ஆகவே, காணியைக் காக்க வைத்திருக்கும் முகவரி அவசரத்தில் வழியை மறிக்கிறது. வழியைத் திறக்க முகவரியை மாற்றினால் காணி போய்விடுமோ என்ற அச்சம். ஊரடங்கில் வேளாண்மைக்கு அனுமதி இருந்தபோதும் இதே நிலைதான். வீடு ஒரு பிரிவிலும் வயல் இன்னொரு பிரிவிலும் உள்ளவர் தண்ணீர் பாய்ச்சப் போவதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இடம்பெயர்வு என்பது ஒரு நாள் ஓடிய ஓட்டத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இறந்தவரின் பயணம்

உயிரோடிருப்பவருக்கே இப்படியென்றால், இறந்தவருக்கு? கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்கள் அனைத்தும், அவர்களது சமய நம்பிக்கைக்கு மாறாகவும், 2021 பெப்ரவரி வரை கட்டாயமாக எரிக்கப்பட்டன. பின்னர் அடக்கம் செய்ய அனுமதி வந்தபோது இரணைதீவு தெரிவுசெய்யப்பட்டது. 1992இல் இடம்பெயர்ந்து 2018இல்தான் தம் தீவுக்குத் திரும்பியிருந்த மக்கள் அதை எதிர்த்தார்கள். தம் உறவுகளை எட்டாத தீவொன்றில் புதைப்பதை முஸ்லிம் மக்களும் ஏற்கவில்லை. இறுதியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச் வரை, மன்னாரில் ஒரு முஸ்லிம் சகோதரர் இந்நோயால் இறந்தாலும் அவரது உடல் நாட்டின் மறு கரைக்குப் போகவேண்டும் என்றிருந்தது. அந்தப் பயணத்துக்குத் திரும்பி வருதல் இல்லை. ஒரு சமூகம் தன் இறந்தோரைத் தன் மண்ணில் கிடத்த முடியாமற்போன அந்த நாட்களை, அண்டை அயலவரான நாமும் நினைவில் வைத்திருக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நால்வர் சுமந்த கட்டில்

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வரும் நிகழ்ச்சியை நாம் அறிவோம். வாசலில் கூட்டம், வழி இல்லை. அவர்கள் கூரையைப் பிரித்து அவனை இயேசுவின் முன்னிலையில் இறக்கினார்கள். அங்கே நோயாளி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுமந்தவர்களின் விசுவாசத்தையே இயேசு முதலில் காண்கிறார். நால்வர் தேவைப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவரால் கட்டிலைத் தூக்க முடியாது.

இந்நிகழ்ச்சியில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று, அதன் முடிவு. குணமடைந்தவனை வீட்டுக்குப் போகும்படி இயேசு சொல்கிறார். அவன் தன் வீடு போய்ச் சேரும்போதுதான் நால்வர் தொடங்கிய பயணம் நிறைவு பெறுகிறது. சுகப்படுத்துவது என்றால் வீடு சேர்ப்பதும்தான்.

ஊர் செய்யக்கூடியது

எமது ஊர்களில் மரண உதவிச் சங்கம் உண்டு. யாரும் இறந்தால் பந்தல், கதிரை, பெட்டி, பணம் எல்லாம் மணித்தியாலத்தில் வந்துவிடும். இது எமது மக்களின் பெருமை. ஆனால் மரணத்தைத் தடுக்கும் பயணத்துக்கு அத்தகைய சங்கம் இல்லை. புதிதாக ஒன்றைத் தொடங்கத் தேவையில்லை. இருக்கும் சங்கத்தின் விதியில் ஒரு பந்தி கூட்டினால் போதும். அனுபவத்திலிருந்து சிலவற்றை முன்வைக்கிறோம்.

1. வீட்டுக்கு ஓர் உறை. அடையாள அட்டைகளின் பிரதி, குடும்பப் பதிவின் பிரதி, கிளினிக் கொப்பி, கர்ப்பிணித் தாய்ப் பதிவேடு, மருந்துத் துண்டுகள் ஆகியவை நீர் புகாத ஓர் உறையில் ஓரிடத்தில் இருக்கட்டும். வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

2. இரண்டு வரி கொண்ட கடிதம். ‘நிரந்தர முகவரி இது, தற்காலிக வதிவிடம் இது’ என்று இரண்டையும் குறித்த வதிவிடக் கடிதத்தை நோய் வருமுன்னரே கிராம அலுவலரிடம் கேட்டுப் பெறுங்கள். பழையதானால் புதுப்பியுங்கள். நிரந்தர முகவரி முதல் வரியில் நிற்பதால், நீங்கள் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் எழுத்தில் இருக்கும்.

3. பேசி வைத்த இரண்டு வாகனங்கள். ஒன்று பழுதானால் மற்றது. வாடகையையும் முன்னரே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

4. அவசரப் பயண நிதி. மாதம் ஒரு சிறு தொகை. எடுத்தவர் அறுவடைக்குப் பின் திருப்பிக் கட்டலாம்.

5. சுவரில் எழுதிய இலக்கங்கள். அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அவற்றோடு கிராம அலுவலர், குடும்ப நல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ் நிலையம், பேசி வைத்த சாரதிகள் ஆகியோரின் இலக்கங்கள்.

6. திரும்பும் ஏற்பாடு. நோயாளி அனுமதிக்கப்பட்ட அன்றே, துண்டு வெட்டும்போது யார் போய்க் கூட்டிவருவது, எந்தக் கடிதம் வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்குங்கள். வீட்டில் பிள்ளைகளையும் மாடுகளையும் பார்ப்பது யார் என்பதையும் அன்றே தீர்மானியுங்கள்.

இவை ஊர் தானே செய்யக்கூடியவை. ஆனால் எல்லாப் பாரத்தையும் ஊரின் தோளில் வைத்துவிட்டு அரச நிர்வாகம் ஒதுங்கிவிட முடியாது. வெளிமாவட்டத்துக்கு மாற்றப்பட்ட ஏழை நோயாளர் வீடு திரும்ப ஓர் ஒழுங்கு வேண்டும். இடம்பெயர்ந்தோர் வாழும் இடத்தில் தற்காலிகமாகப் பதிவதால் அவர்களது காணி உரிமைக்குப் பாதிப்பு வராது என்று எழுத்தில் உறுதி வேண்டும். இவ்விரண்டையும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வைக்கும்படி உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து கேட்கலாம். தனியொருவர் கேட்டால் அது வேண்டுகோள். சங்கங்கள் கேட்டால் அது கோரிக்கை.

கொரோனா போய்விட்டது, இனி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2022இல் நோயால் அல்ல, எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் நின்றன. யூலையில் எரிபொருளுக்கும் ஒரு பாஸ் வந்தது; கைத்தொலைபேசியில் குறியீடு இல்லாதவர் மீண்டும் வரிசையின் கடைசியில் நின்றார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து வீதிகளை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அடுத்த அடைப்பு எந்த வடிவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வரும் என்பதை எமது வரலாறு சொல்லியிருக்கிறது. காலபோக மழைக்கு முன் வரம்பு கட்டுபவன் விவசாயி. இதுவும் வரம்பு கட்டுவது போன்றதே.

கலந்துரையாடலுக்கு

(மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், அன்பியக் கூட்டங்களில் பயன்படுத்தலாம்.)

1. கடந்த ஐந்து ஆண்டுகளில் எமது ஊரில் யாருக்காவது அவசரப் பயணம் தாமதித்ததா? தாமதித்தது எதனால்: வாகனமா, பணமா, கடிதமா?

2. எமது ஊரில் எத்தனை குடும்பங்களின் அடையாள அட்டையில் வேறு முகவரி உள்ளது? அவர்களுள் வயோதிபர், கர்ப்பிணிகள், தொடர்ந்து கிளினிக் போவோர் எத்தனை பேர்?

3. எமது மரண உதவிச் சங்கத்தின் விதியில் அவசரப் பயணத்தையும் சேர்ப்பதில் என்ன சிரமம்? அடுத்த கூட்டத்தில் அதை முன்வைப்பவர் யார்?